ஊர்க் கணக்கைக் காக்கும் முறை

அறுவடை முடிந்து நெல் களத்துக்கு வந்ததும் விவசாயி முதலில் செய்யும் காரியம் எது? விற்பதற்கும் உண்பதற்கும் முன்னால், விதைக்கு வேண்டியதைத் தனியே எடுத்து வைப்பதுதான். அதை நன்கு காயவைத்துக் கோட்டை கட்டுகிறார். அல்லது குதிரில் கொட்டி மூடுகிறார். எலியும் பூச்சியும் ஈரமும் அணுகாதபடி பார்த்துக் கொள்கிறார். ஓராண்டு மகசூல் போனாலும் மறு ஆண்டு பிழைத்துக் கொள்ளலாம். விதை போய்விட்டால் பிழைப்பே போய்விடும் என்பதை அவர் அறிவார்.

ஊராட்சிக்கும் கூட்டுறவுச் சங்கத்துக்கும் இவ்வாறே ஒரு விதைநெல் உண்டு. அதுவே அவற்றின் கணக்கும் பதிவேடும் ஆகும். யார் வீட்டு வரி செலுத்தினார், எந்தக் குளம் எந்த ஆண்டு தூர் வாரப்பட்டது, எந்தப் புறம்போக்கு ஊருக்குப் பொதுவானது, எந்த உறுப்பினருக்குச் சங்கம் எவ்வளவு கடன் கொடுத்தது என்பவை எல்லாம் அவற்றில்தான் இருக்கின்றன. 2021ஆம் ஆண்டு பிப்ரவரியில் தமிழக அரசு, கூட்டுறவு நிறுவனங்களில் 16.43 இலட்சம் விவசாயிகள் பெற்றிருந்த 12,110 கோடி ரூபாய்ப் பயிர்க் கடனைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. அந்தத் தள்ளுபடி ஒவ்வொரு குடும்பத்துக்கும் சென்று சேர்வதற்கு, சங்கத்தின் பேரேட்டில் இருந்த ஒரு வரியே ஆதாரம். அந்த வரி அழிந்திருந்தால் அக்குடும்பம் எதைக் காட்டி உரிமை கேட்டிருக்கும்?

ஆகவே, கணக்கைக் காப்பது எழுத்தர் ஒருவரின் தனி வேலை அன்று. ஊரார் அனைவருக்கும் உரிய காரியம். கணினியில் எழுதப்படும் கணக்கை எவ்வாறு காப்பது என்பதை இக்கட்டுரையில் படிப்படியாகக் காண்போம்.

ஏட்டிலிருந்து கணினிக்கு

முன்பெல்லாம் ரொக்கப் புத்தகம், தீர்மானப் புத்தகம், வரி கேட்பு வசூல் நிலுவைப் பதிவேடு முதலியவை தடித்த அட்டையிட்ட நோட்டுகளாக அலுவலகப் பீரோவில் இருந்தன. இன்று அவற்றுள் பல கணினிக்குச் சென்றுவிட்டன. ஊராட்சிகளின் திட்டத்தையும் வரவு செலவையும் இணையத்தில் பதிவதற்கான ‘இ-கிராம் ஸ்வராஜ்’ என்னும் ஏற்பாடு 2020 ஏப்ரல் 24 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. நாடெங்கும் 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்குவதற்கு 2,516 கோடி ரூபாய்த் திட்டத்தை மத்திய அமைச்சரவை 2022 ஜூன் மாதத்தில் ஏற்றது.

இவ்வாறு இணையத்தில் ஏற்றப்படும் விவரங்கள் அரசின் மையக் கணினிகளில் இருக்கின்றன. அவற்றைக் காக்கும் பொறுப்பு அங்குள்ளவர்களுடையது. ஆனால் ஊராட்சி அலுவலகக் கணினியில் மட்டுமே இருப்பவை எத்தனை என்று எண்ணிப் பார்க்க வேண்டும். வேலைகளின் வரைபடங்கள், மதிப்பீடுகள், புகைப்படங்கள், கடிதங்கள், குடிநீர்க் குழாய் இணைப்புப் பட்டியல், கூட்ட நடவடிக்கைக் குறிப்புகள் ஆகியவை அந்த ஒரே பெட்டியில்தான் கிடக்கின்றன. அந்தப் பெட்டி கெட்டால் அவையும் போயின. ‘எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறது’ என்று சொல்லித் திருப்தியடைவது, விதைநெல் முழுவதையும் ஒரே சாக்கில் கட்டித் தாழ்வாரத்தில் போட்டு வைப்பதற்கு ஒப்பாகும்.

முன்னோர் கைக்கொண்ட வழி

பிரதி எடுத்துக் காக்கும் முறை நமக்குப் புதிதன்று. அரியலூர் மாவட்டத்தில் கொள்ளிடக் கரையில் உள்ள திருமழபாடிக் கோயிலின் பழைய கட்டடத்தை எடுத்துவிட்டுப் புதிதாகக் கட்டும்படி முதலாம் இராசராசன் ஆணையிட்டான். சுவர்களில் தானம் பற்றிய கல்வெட்டுகள் இருந்தன. சுவரை இடிக்கும் முன்னர் அவற்றை எல்லாம் புத்தகத்தில் படியெடுத்தனர். பின்னர் அவன் மகன் முதலாம் இராசேந்திரன் காலத்தில், அந்தப் படியைப் பார்த்துப் புதிய சுவரில் மீண்டும் வெட்டினர். இச்செய்தியை அக்கோயில் கல்வெட்டே கூறுகிறது. பழையதை எடுப்பதற்கு முன் பிரதி எடு; புதியதில் ஏற்றியபின் ஒத்துப் பார் என்னும் விதி, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நடைமுறையில் இருந்தது என்பது இதனால் விளங்கும்.

ஓலைச்சுவடிகளின் வரலாறும் இத்தகையதே. ஓலை நைந்து போகும் முன்னர்ப் புதிய ஓலையில் படியெடுக்கப்பட்ட நூல்கள் நமக்குக் கிடைத்தன. படியெடுக்கப்படாதவை கறையானுக்கு இரையாயின. உ. வே. சாமிநாதையர் 1887ஆம் ஆண்டு சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது பல ஊர்களிலிருந்து சுவடிகளைத் தேடித் திரட்டி ஒப்பு நோக்கினார். ஒரு சுவடியில் சிதைந்த இடம் மற்றொரு சுவடியில் செவ்வையாக இருந்தது. பல பிரதிகள் பல ஊர்களில் இருந்தமையாலேயே நூல் பிழைத்தது. நாம் பின்பற்ற வேண்டிய கொள்கையும் இதுதான்.

கேடு வரும் வழிகள்

கணினிக் கணக்குக்குக் கேடு ஐந்து வழிகளில் வருகிறது.

முதலாவது, கருவி கெடுதல். கணினிக்குள் இருக்கும் ‘ஹார்ட் டிஸ்க்’ என்னும் வட்டு தேய்மானம் உடையது. பம்பு செட்டு மோட்டாரைப்போல் அதுவும் ஒருநாள் நின்றுபோகும். மின்சாரம் திடீரென நின்று திரும்ப வருவதாலும் கெடும். எந்த நாள் நிற்கும் என்று முன்கூட்டிச் சொல்ல எவராலும் இயலாது.

இரண்டாவது, கைப்பிழை. ஒரு கோப்பை மற்றொரு கோப்பு என்று எண்ணி அழித்துவிடுதல், சென்ற ஆண்டுக் கணக்கின்மேல் இவ்வாண்டுக் கணக்கை எழுதிவிடுதல் முதலியன.

மூன்றாவது, இயற்கைச் சீற்றம். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை கொட்டியது, தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் ஊர்கள் வெள்ளத்தில் தத்தளித்தன. இத்தகைய நாளில் மேசைமேல் உள்ள கணினியும் அதன் அருகில் அலமாரியில் உள்ள பிரதியும் ஒன்றாகவே நனையும்.

நான்காவது, களவு. கணினியைத் திருடுபவன் அதன் விலைக்காகத்தான் திருடுகிறான். ஆனால் ஊர்க் கணக்கும் அதனோடு போகிறது.

ஐந்தாவது, பணம் பறிக்கும் தீய நிரல். இது பலருக்குப் புதியது. மின்னஞ்சலில் வரும் இணைப்பின் வழியாகவோ, கண்ட இடத்தில் செருகிய பென் டிரைவின் வழியாகவோ, பழுது நீக்கப்படாத மென்பொருளின் வழியாகவோ கணினிக்குள் புகுந்து, அங்குள்ள கோப்புகளை எல்லாம் எவராலும் படிக்க முடியாதபடி பூட்டிவிடும். பின்னர், பணம் கொடுத்தால் சாவி தருவோம் என்று திரையில் அறிவிக்கும். 2017ஆம் ஆண்டு மே மாதத்தில் ‘வானாக்ரை’ என்னும் இத்தகைய நிரல் சுமார் 150 நாடுகளில் பரவியது. இங்கிலாந்தில் மருத்துவமனைகளும் முடங்கின. அது புகுந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் நிறுவனம் இரண்டு மாதங்களுக்கு முன்பே, மார்ச்சு மாதத்திலேயே, வெளியிட்டிருந்தது. அத்திருத்தத்தை ஏற்றிக் கொள்ளாத கணினிகளே பெரும்பாலும் அகப்பட்டன.

பெரிய அலுவலகங்களுக்கு இவ்வபாயம் இல்லை என்றும் எண்ண வேண்டாம். தென் கொரிய நாட்டில் தேஜோன் நகரத்து அரசுக் கணினி மையத்தில் 2025 செப்டம்பர் 26 அன்று மின்கலங்களில் தீப்பற்றியது. 709 அரசுக் கணினி அமைப்புகள் நின்றுபோயின. பிரதி இருந்தவை படிப்படியாக மீட்கப்பட்டன. ஆனால் அரசு ஊழியர்கள் தம் அலுவல் கோப்புகளைச் சேர்த்து வைத்திருந்த 858 டெராபைட் அளவுள்ள களஞ்சியம், அளவில் மிகப் பெரிது என்ற காரணத்தால் வெளியே பிரதி எடுக்கப்படாமல் இருந்தது. அது எரிந்தே போயிற்று. செல்வமும் தொழில்நுட்பமும் மிக்க நாட்டுக்கே இது நேர்ந்தது. குறை கருவியில் இல்லை. இன்னோர் இடத்தில் இன்னொரு பிரதி இல்லாமையே குறை.

மூன்று, இரண்டு, ஒன்று

இதற்குப் பரிகாரமாகக் கணினி அறிந்தவர்கள் எளிய விதி ஒன்றை வகுத்துள்ளனர். மூன்று பிரதிகள், இரண்டு வகைப் பொருள்கள், ஒன்று வெளியூரில் என்பதே அது. விரலை மடக்கி எண்ணத்தக்க இவ்விதியை ஊராட்சியில் கீழ்க்கண்டவாறு நடத்தலாம்.

அலுவலகக் கணினியில் உள்ளது முதற் பிரதி. வெளியே செருகி எடுக்கத்தக்க ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்கி, ஒன்றின்மேல் ‘அ’ என்றும் மற்றதன்மேல் ‘ஆ’ என்றும் எழுதி ஒட்ட வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை மாலை ‘அ’ வட்டில் முழுப் பிரதி எடுத்தால், அடுத்த வெள்ளிக்கிழமை ‘ஆ’ வட்டில் எடுக்க வேண்டும். புதிதாக எடுத்தது வெளியூருக்குப் போகும். அங்கிருந்த பழையது திரும்பி வரும். எந்த நாளிலும் ஒரு வட்டு ஊருக்கு வெளியே இருக்கும். வட்டார வளர்ச்சி அலுவலகமோ, மேட்டுப் பாங்கான மற்றோர் ஊராட்சியின் அலுவலகமோ இதற்கு ஏற்றது. ஒரே ஏரியின் கீழ் உள்ள இரண்டு ஊர்களைத் தேர்ந்தெடுப்பதில் பயனில்லை. ஏரி உடைந்தால் இரண்டும் நனையும். இரண்டாவது வகைப் பொருளாக, அரசு அனுமதித்த இணையச் சேமிப்பையோ, முக்கியப் பதிவேடுகளின் அச்சிட்ட காகிதப் பிரதியையோ கொள்ளலாம்.

வட்டின் கொள்ளளவு பற்றி அஞ்ச வேண்டியதில்லை. படமெடுத்த ஒரு பக்கம் ஒரு மெகாபைட் என்று கணக்கிட்டால், ஒரு டெராபைட் வட்டில் ஏறத்தாழ 10 இலட்சம் பக்கங்கள் அடங்கும். ஊராட்சி ஒன்றின் பல ஆண்டுப் பதிவேடுகள் அனைத்தும் அதில் ஒரு மூலையில் அடங்கிவிடும்.

இங்கு மூன்று எச்சரிக்கைகள் உண்டு.

பிரதி எடுத்து முடிந்ததும் வட்டைக் கணினியிலிருந்து கழற்றிவிட வேண்டும். எப்போதும் செருகியே வைத்திருந்தால், கணினிக்குள் புகும் தீய நிரல் அந்த வட்டையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

இணையத்தோடு தானே ஒத்துச் செல்லும் சேமிப்பைப் பிரதி என்று நம்பிவிடக் கூடாது. இங்கே ஒரு கோப்பை அழித்தால் அங்கேயும் அது அழியும். இங்கே கெட்டால் அங்கேயும் கெடும். நிழல் உருவத்தோடு போவதுபோல் அது போகிறது.

நேற்றைய பிரதி ஒன்று மட்டும் போதாது. பிழை நிகழ்ந்தது ஒரு மாதம் கழித்தே தெரிய வரலாம். ஆகையால் வாரப் பிரதிகளில் கடைசி நான்கையும், மாத இறுதிப் பிரதிகளில் பன்னிரண்டையும், மார்ச்சு 31 அன்று எடுக்கும் ஆண்டுப் பிரதிகள் அனைத்தையும் தனித்தனிக் கோப்புறைகளில் வைத்திருப்பது நலம்.

முளைப்புப் பார்த்தல்

கோட்டையில் கட்டிய விதையை அப்படியே நாற்றங்காலில் தெளித்துவிடும் விவசாயி இல்லை. ஒரு பிடி எடுத்து ஈரச் சாக்கில் முடிந்து வைத்து, நூற்றுக்கு எத்தனை முளைக்கிறது என்று பார்க்கிறார். பிரதிக்கும் இச்சோதனை இன்றியமையாதது. எடுத்த பிரதி திறக்கிறதா, படிக்க முடிகிறதா என்று பாராதவரை அது பிரதி ஆகாது; பிரதி என்னும் நம்பிக்கை மட்டுமே ஆகும்.

இதற்குத் தனியாக நாள் தேட வேண்டியதில்லை. நம் மாநிலத்தில் ஜனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் கிராம சபை கூடுகிறது. ஒவ்வொரு கிராம சபைக்கும் முந்திய வாரத்தில், வெளியூரில் இருக்கும் வட்டைக் கொண்டுவந்து வேறொரு நல்ல கணினியில் செருகி மூன்று கோப்புகளைத் திறக்க வேண்டும். சென்ற கிராம சபையின் தீர்மானம் ஒன்று. ஏதேனும் ஒரு வீட்டின் வரிக் கணக்கு இரண்டு. முடிந்த வேலை ஒன்றின் மதிப்பீடு மூன்று. பிரதியை எடுத்தவர் இதைச் செய்யலாகாது. உறுப்பினர் ஒருவர் உடனிருக்க, வேறொருவர் திறந்து பார்க்க வேண்டும். எழுதியவர் கண்ணுக்குத் தம் எழுத்தின் பிழை தெரியாது என்பது அனைவரும் அறிந்ததே.

இவ்வேலைகளைக் குறிப்பதற்கு மெல்லிய நோட்டு ஒன்று போதும். தேதி, எந்த வட்டு, எடுத்தவர், எங்கே கொண்டுபோய் வைக்கப்பட்டது, சோதித்தவர், முடிவு என ஆறு பத்திகள் போட்டுக் கொள்ளலாம். அதற்குக் ‘காப்புப் பிரதிப் பதிவேடு’ என்று பெயரிட்டு, ஊராட்சிக் கூட்டத்தில் ஒருமுறை பார்வைக்கு வைத்தால் போதும். வேலை தடைப்படாமல் நடக்கும்.

சங்கங்களில் பழைய பேரேட்டைப் புதிய மென்பொருளுக்கு மாற்றும்போது திருமழபாடியின் முறையை அப்படியே கைக்கொள்ள வேண்டும். மாற்றுவதற்கு முன் பழையதன் முழுப் பிரதியை எடுத்துப் பூட்டி வைக்க வேண்டும். மாற்றிய பின், கடன் நிலுவையின் மொத்தமும் பங்குத் தொகையின் மொத்தமும் இரண்டு கணக்குகளிலும் ஒத்துள்ளனவா என்று பார்க்க வேண்டும். அத்துடன் ஒவ்வோர் உறுப்பினரும் தம் நிலுவையைத் தம் கடன் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்து ஒப்பமிடுவது எல்லோருக்கும் நன்மை தரும். மொத்தம் சரியாக இருந்தும், ஒருவர் கடன் மற்றொருவர் பெயரில் ஏறியிருக்கக் கூடும் அல்லவா?

பூட்டும் சாவியும்

ஊர்க் கணக்கில் மக்களின் ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், கைப்பேசி எண் ஆகியவை அடங்கியுள்ளன. இவை தீயோர் கையில் சிக்கினால் மக்களின் பணம் போகும். தனியார் விவரங்களைக் காப்பதற்கென்று 2023ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றியுள்ளது. ஆகவே, வெளியே எடுத்துச் செல்லும் வட்டு, கடவுச்சொல் இன்றித் திறக்க முடியாதபடி பூட்டப்பட்டிருக்க வேண்டும். கணினியிலேயே இவ்வசதி உண்டு.

ஆனால் சாவி தொலைந்தால் பூட்டியதும் தொலைந்ததே. கடவுச்சொல்லை ஒருவர் மட்டும் மனத்தில் வைத்திருப்பதும் தவறு. அதை எழுதி வட்டின் மேலேயே ஒட்டி வைப்பதும் தவறு. தலைவரும் செயலரும் அறிந்திருக்க, மூன்றாவதாக ஓர் உறையில் எழுதி அரக்கு முத்திரையிட்டு வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் ஒப்படைத்துப் பற்றுச்சீட்டுப் பெறலாம். ஆனால் வட்டும் உறையும் ஒரே பீரோவில் இருத்தல் கூடாது. செயலர் மாறுதலாகிச் செல்லும்போது, சாவிக்கொத்தையும் பணப்பெட்டியையும் ஒப்படைப்பதுபோலவே வட்டுகளையும் கடவுச்சொற்களையும் பட்டியலிட்டு ஒப்படைக்க வேண்டும். புதியவர் உடனே கடவுச்சொல்லை மாற்ற வேண்டும்.

ஊராட்சிக் கோப்புகளைச் சொந்த பென் டிரைவிலும், சொந்த மின்னஞ்சலிலும், கைப்பேசியிலும் வைத்திருக்கும் வழக்கம் நல்ல எண்ணத்தினால் வந்ததாயினும் கைவிடத்தக்கது. அவர் மாறிப் போனால் ஊரின் பதிவும் அவரோடு போகும். ஒருவர் தயவில் மட்டும் கிடைக்கும் கணக்கு, ஊரின் கணக்கு ஆகாது.

நெடுங்காலக் காப்பு

இதுவரை கூறியது நடப்புக் கணக்குக்கு உரிய காப்புப் பிரதி. முடிந்துபோன ஆண்டுகளின் பதிவேடுகளைக் காப்பது இதனின் வேறான வேலை. முன்னது நாளை காலை அலுவலகம் நடப்பதற்காக. பின்னது நம் பேரப்பிள்ளைகள் படித்து அறிவதற்காக. தீர்மானங்கள், ஊராட்சிச் சொத்து விவரம், குளம் வாய்க்கால் வழித்தடங்களின் வரைபடங்கள், தணிக்கை அறிக்கைகள் ஆகியவை எத்தனை ஆண்டு சென்றாலும் தேவைப்படும்.

மின்னணுப் பதிவுகளைக் காப்பது பற்றி 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 7ஆம் பிரிவில் மூன்று நிபந்தனைகளைக் கூறுகிறது. பதிவைப் பின்னாளில் எடுத்துப் பார்க்க முடிய வேண்டும். முதலில் இருந்த வடிவிலோ, அதை மாறாமல் காட்டும் வடிவிலோ இருக்க வேண்டும். எங்கிருந்து எங்குச் சென்றது, எந்த நாள், எந்த நேரம் என்ற குறிப்பு உடனிருக்க வேண்டும். இம்மூன்றையும் நிறைவேற்றச் சில வழிகள் வருமாறு.

தமிழ் எழுத்துருவைக் கவனிக்க வேண்டும். முன்னாளில் வானவில், பாமினி முதலிய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகளை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தோன்றும். கோப்பு இருந்தும் ஊமையாகிவிடுகிறது. தமிழக அரசு 2010ஆம் ஆண்டில் யூனிகோடு முறையை ஏற்றுக்கொண்டது. பழைய கோப்புகளை அம்முறைக்கு மாற்றி, மூலத்தையும் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும்.

கணக்கு மென்பொருளின் கோப்பு அந்த மென்பொருள் இருந்தால்தான் திறக்கும். பத்து ஆண்டு கழித்து அது கிடைக்குமா என்பது உறுதியில்லை. ஆகவே ஆண்டு முடிவில் ரொக்கப் புத்தகத்தையும் பேரேட்டையும் ‘பி.டி.எப்.’ வடிவில் எடுத்து வைப்பதோடு, அச்சிட்டுக் கட்டடம் செய்து, பக்கத்துக்குப் பக்கம் ஒப்பமிட்டு வைக்க வேண்டும். நல்ல காகிதம் மின்சாரம் இன்றியே பேசும்.

கோப்பின் பெயரில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தேதியை முதலில் எழுத வேண்டும். ‘2025-10-02 கிராம சபைத் தீர்மானம்’ என்று பெயரிட்டால் கோப்புகள் தாமே கால வரிசையில் நிற்கும். ‘புதிய கோப்பு’, ‘கடைசி’, ‘கடைசிக்குக் கடைசி’ என்னும் பெயர்கள் ஒருவருக்கும் பயன்படா.

பென் டிரைவை நெடுங்காலக் காப்புக்கு நம்பலாகாது. மின்னோட்டம் இன்றிப் பல ஆண்டு கிடந்தால் அதில் உள்ளவை மங்கிப் போகக் கூடும். ஹார்ட் டிஸ்கையும் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையேனும் புதியதற்கு மாற்றிப் படியெடுக்க வேண்டும். நைந்த ஓலையைப் புதிய ஓலைக்கு மாற்றிய வேலைதான் இது. ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பையுடன் மூடிய டப்பாவில் தரைக்கு மேல் உயர்ந்த தட்டில் வைப்பது நல்லது.

பழைய கணினியைக் கழிக்கும்போதும் கவனம் தேவை. கோப்பை அழிக்கும் கட்டளை, புத்தகத்தின் பொருளடக்கத்தை மட்டும் கிழிப்பதற்குச் சமம். உள்ளே பக்கங்கள் அப்படியே இருக்கும். வட்டைக் கழற்றி, அதில் உள்ளவற்றின்மேல் முழுதும் வேறு எழுதி அழித்தோ, வட்டையே உடைத்தோ, பதிவேட்டில் குறித்த பின்னரே பழம்பொருளாகக் கொடுக்க வேண்டும்.

விபத்து நேர்ந்தால்

கோப்புகள் திடீரெனத் திறக்க மறுத்துப் பணம் கேட்கும் அறிவிப்புத் தோன்றினால், முதலில் இணைய இணைப்பைத் துண்டிக்க வேண்டும். பதற்றத்தில் காப்பு வட்டைக் கொண்டுவந்து அதே கணினியில் செருகிவிடக் கூடாது, அதுவும் போய்விடும். உடனே வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும். இத்தகைய நிகழ்ச்சிகளை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது, மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான ‘செர்ட்-இன்’ 2022 ஏப்ரலில் பிறப்பித்த நெறி. பணம் கொடுப்பதால் சாவி கிடைக்கும் என்பதற்கு எவ்வித உத்தரவாதமும் இல்லை. கணினியைத் துப்புரவாக்கிய பின்னரே காப்பு வட்டிலிருந்து கணக்கைத் திரும்ப ஏற்ற வேண்டும்.

வெள்ளத்தில் நனைந்த கணினிக்கு மின்சாரம் கொடுத்துப் பார்க்கலாகாது. அவ்வாறு செய்தால் மீட்கக் கூடியதும் மீட்க முடியாமல் போகும். நனைந்த நோட்டுகளைக் கடும் வெயிலில் போடாமல், தாள்களை மெல்லப் பிரித்து நிழலில் காற்றாட உலர்த்த வேண்டும்.

விவசாயிகளுக்கு ஒரு வார்த்தை

இம்முறை அலுவலகத்துக்கு மட்டும் உரியதன்று. பட்டா, கடன் புத்தகம், பயிர்க் காப்பீட்டுச் சீட்டு, பால் சங்கக் கணக்கு அட்டை, வரி ரசீது ஆகியவற்றைத் தகரப் பெட்டி ஒன்றில் வைத்திருப்பவர் பலர். பெட்டியோடு அவை போனால் என் செய்வது? ஒவ்வொன்றின் நகலையும் வெளியூரில் உள்ள மகள் வீட்டிலோ உடன்பிறந்தார் வீட்டிலோ வைத்திருக்கலாம். கைப்பேசியில் தெளிவாகப் படம் எடுத்து வைப்பது அடுத்த பிரதி ஆகும். ரசீது வாங்காமல் வரி கட்டுவதையும், புத்தகத்தில் வரவு வையாமல் தவணை செலுத்துவதையும் விட்டொழிக்க வேண்டும். அலுவலகத்தின் கணக்கு தவறும்போது, உறுப்பினர் கையில் உள்ள ரசீதே அதைத் திருத்தும் பிரதியாகும்.

கூட்டத்தில் கேட்க வேண்டிய வினாக்கள்

இவற்றுக்கு ஆகும் செலவு இரண்டு வட்டுகளும் ஒரு நோட்டும். உழைப்பு வாரத்துக்கு ஒரு மாலைப் பொழுது. ஓராண்டுக் கணக்கை ரசீதுகளிலிருந்து மீண்டும் எழுதுவதற்கு ஆகும் காலத்தையும் கூலியையும் எண்ணினால், இது மிகச் சிறிது. ஆகவே உறுப்பினர்கள் அடுத்த ஊராட்சிக் கூட்டத்தில் கீழ்க்கண்ட ஐந்து வினாக்களைக் கேட்டு விடை பெறுமாறு வேண்டுகிறோம்.

1. நம் அலுவலகக் கணினியில் மட்டுமே உள்ள பதிவுகள் எவை?

2. அவற்றுக்கு எத்தனை பிரதிகள் உள்ளன? எந்தப் பிரதி ஊருக்கு வெளியே உள்ளது?

3. கடைசியாகப் பிரதி எடுத்த நாள் எது? அதைத் திறந்து படித்துச் சோதித்த நாள் எது?

4. கடவுச்சொல்லை அறிந்தவர் எத்தனை பேர்? அவர்கள் இல்லாத நாளில் எவ்வாறு திறப்பது?

5. பத்து ஆண்டுகளுக்கு முந்திய தீர்மானம் ஒன்றை இன்றே எடுத்துக் காட்ட இயலுமா?

இவ்வைந்துக்கும் தயக்கமின்றி விடை கூறக்கூடிய ஊராட்சியின் கணக்கு, வெள்ளமும் தீயும் வந்தாலும் அழியாது. கூற இயலாத ஊராட்சி, வரும் வெள்ளிக்கிழமையிலிருந்தே தொடங்கலாம்.